பாகம் எண் தெரியாதவர்களின் ஓட்டு

"உண்மையான வாக்காளருக்கு என்ன பயம்?" வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2025 நவம்பரில் வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் வரத் தொடங்கியதிலிருந்து புதுக்கோட்டையில் இந்தக் கேள்வி கேட்காத இடம் இல்லை. டீக்கடையில் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கூடும் இடத்தில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் நன்கு படித்தவர்கள், தேர்தல் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்கள், ஓட்டுக்குப் பணம் வாங்காதவர்கள். அவர்கள் சொல்வது இதுதான்: பட்டியலில் செத்தவர் பெயரும் போலிப் பெயரும் மண்டிக் கிடக்கின்றன, களையத்தானே வேண்டும், விதி எல்லாருக்கும் ஒன்றுதான், இதில் சிறுபான்மையினர், தலித்துகள் என்று தனியாகப் பேச என்ன இருக்கிறது, தப்பித் தவறி யாராவது விடுபட்டால் பெயர் சேர்க்கும் படிவம் 6 எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. மூன்றும் காதுக்கு நியாயமாகப் படுகின்றன. மூன்றும் தவறு.

முதலில் போலி வாக்காளர் விஷயம். சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கும்போது தமிழ்நாட்டுப் பட்டியலில் 6.41 கோடிப் பேர் இருந்தார்கள். டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது 5.43 கோடிப் பேர்தான் மிச்சம். 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போயிருந்தன. அவற்றில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். அந்தப் பெயர்களை எடுத்ததில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்க முடியாது. ஆண்டுதோறும் நடந்திருக்க வேண்டிய வேலை அது. இரண்டு இடங்களில் பதிந்திருந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் குறைவு. மீதி 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் யார்? குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று தேர்தல் ஆணையமே வகைப்படுத்தியது. நீக்கப்பட்ட மூன்று பெயரில் இரண்டு இந்த வகையில்தான் வருகின்றன. ஒருவர் கதவைத் தட்டியபோது வீட்டில் இல்லை என்பதற்கும் அவர் போலி வாக்காளர் என்பதற்கும் என்ன சம்பந்தம்? 'போலி ஒழிப்பு' என்று ஊரெல்லாம் பேசப்பட்ட ஒரு வேலையில் பெரும்பான்மையாகப் பிடிபட்டது போலிகள் இல்லை; பிழைப்புக்காக வெளியே போனவர்கள்.

நம் மாவட்டத்தில் நவம்பர் மாதம் யார் வீட்டில் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் ஆண்கள் கடலில் இருப்பார்கள். சிலர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அந்த நாட்டுச் சிறையில் இருப்பார்கள். மீமிசல், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் என்று கடலோரம் நெடுக முஸ்லிம் வீடுகளில் அண்ணன் சவூதியில் இருப்பார், தம்பி மலேசியாவில் இருப்பார். குன்றாண்டார்கோவில் பக்கம் சேரியில் பாதி வீடு பூட்டியிருக்கும். குடும்பத்தோடு திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ சூளையிலோ இருப்பார்கள். ஊரில் இருப்பவர்களும் மழையோடு மழையாக வயலில் நிற்பார்கள். இந்தப் பருவத்தில் வேண்டாம் என்று நவம்பர் 2ஆம் தேதி சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் சொன்னது காரணமில்லாமல் இல்லை. தொடக்கத்தில் கொடுத்த அவகாசம் ஒரே மாதம். பிறகு டிசம்பர் 14 வரை நீட்டித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே போன காரணத்தாலேயே ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. திருப்பூரில் ஆறு மாதம் கூலி வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் திரும்பி வருகிறவரின் ஊர் எது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை, சட்டத்துக்கும் சந்தேகமில்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் சந்தேகம்.

குடும்பத்தில் வயது வந்த ஒருவர் மற்றவர்களுக்காகக் கையெழுத்துப் போடலாமே என்பார்கள். போடலாம். விதி அதற்கு இடம் கொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்துக்கு மேலே எதை நிரப்ப வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தவர்கள் இதை இவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் படிவத்தின் மேல்பாதியில் வாக்காளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பழைய போட்டோவும் அச்சாகியே வந்தன. பிறந்த தேதி, செல்போன் எண், அப்பா, அம்மா, துணைவர் பெயர்கள் எல்லாம் எழுதிவிடலாம். சிக்கல் கீழ்ப்பாதியில். இருபது வருஷத்துக்கு முந்தைய, அதாவது 2002 அல்லது 2005ஆம் ஆண்டின் தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று எழுத வேண்டும். உங்கள் பெயர் அதில் இல்லை என்றால் அப்பா, அம்மா போன்ற உறவினர் ஒருவரின் தொகுதி எண், பாகம் எண், வரிசை எண்ணை எழுத வேண்டும். பழைய பட்டியலோடு பொருத்த முடியாதவர்களுக்குப் பின்னால் நோட்டீஸ் வரும். அப்போது ஆவணத்தோடு வந்து நிற்க வேண்டும்.

கீரனூர்ப் பக்கம் பிறந்து மணமேல்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு முஸ்லிம் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் பட்டியலில் பெயர் ஏறியது. நம் ஊர்களில் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். ஆக 2002 பட்டியலில் அவர் இல்லை, அப்பாவைத் தேட வேண்டும். அப்பா ஓட்டுப் போட்டது குளத்தூர் தொகுதியில். குளத்தூர் என்று ஒரு தொகுதியே இன்று கிடையாது. 2008 மறுவரையறையில் அது மறைந்து விராலிமலையும் கந்தர்வகோட்டையும் புதிதாக வந்தன. செல்போனில் தேடும்போது இன்றைய தொகுதிப் பெயரைப் போட்டு எளிதில் கண்டுபிடிக்க முடியாது. பழைய தொகுதி, பழைய பாகம், பழைய தெரு என்று பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். அப்பா பெயர் ஒரு பட்டியலில் முகமது மீரான், இன்னொன்றில் மீரான் மைதீன், ரேஷன் கார்டில் மீராசா. அப்பா இறந்து பத்து வருஷம் ஆயிற்று. கணவர் குவைத்தில். பிள்ளைக்குப் பரீட்சை. இந்தப் பெண் இருபது வருஷமாகத் தவறாமல் ஓட்டுப் போட்டவர். இவர் எந்தக் குற்றத்துக்காக இத்தனை தேடல் தேட வேண்டும்?

அந்தப் பழைய பட்டியலைத் தயாரித்ததே தேர்தல் ஆணையம்தான். அது ஆணையத்திடம்தான் இருக்கிறது. அதில் யார் பெயர் எங்கே என்று தேட வேண்டியவர்கள் அதைக் கையில் வைத்திருப்பவர்கள். அதற்குப் பதிலாகத் தேடுகிற வேலையைக் குடிமகன் தலையில் கட்டிவிட்டு, தேடிக் கண்டுபிடிக்க முடியாதவரைச் சந்தேகத்துக்குரியவர் ஆக்குகிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் கிராம உதவியாளர்களும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக ராத்திரி பகலாகப் படிவத்தோடு அலைந்தார்கள். அவர்களில் பலர் ஜனங்களுக்காகத் தாங்களே உட்கார்ந்து தேடிக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான். என் சண்டை இந்த ஏற்பாட்டோடு.

அடுத்து, விதி எல்லாருக்கும் ஒன்று என்ற வாதம். காகிதம் எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்தால் இந்த வாதம் நிற்கும். ஆணையம் கேட்ட ஆவணங்களின் வரிசையைப் பாருங்கள்: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், அரசு ஊழியர் அட்டை அல்லது ஓய்வூதிய ஆணை, அரசு கொடுத்த மனை அல்லது வீட்டு ஒதுக்கீட்டுச் சான்று, சாதிச் சான்றிதழ் இப்படி. பீகாரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு 2025 செப்டம்பரில் உத்தரவிட்ட பிறகு ஆதார் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது, அதுவும் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்ற குறிப்போடு. தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இருக்கும் ரேஷன் கார்டு அந்த வரிசையில் இல்லை. ஆணையமே போட்டோ ஒட்டிக் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டையும் இல்லை. மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன வீட்டுக்கு இந்த வரிசையில் நாலு இருக்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழவிக்கு ஒன்றுகூட இருக்காது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023 ஜனவரியில்தான். அதுவரை அவர்கள் கையில் என்ன சான்றிதழ் இருந்திருக்கும்? ஒரே உயரத்தில் வேலி போட்டுவிட்டு எல்லாரும் தாண்டலாம் என்று சொல்வது சமத்துவம் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் தடுத்த எழுத்தறிவுத் தேர்வும் காகிதத்தில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. அதை நிறுத்த 1965இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

காகிதம் மட்டும் இல்லை. படிவம் எங்கே உட்கார்ந்து கொடுக்கிறார்கள் என்பதும் இந்த மாவட்டத்தில் சாதாரண விஷயம் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதைப் பார்க்கப் போன ஆட்சியர் அங்கே இரட்டைக் குவளை முறையையும் கோயிலுக்குள் தலித்துகள் போக முடியாத நிலையையும் கண்டு, அவரே அவர்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊர்கள் உள்ள மாவட்டத்தில் சாவடியிலோ பெரிய தெருத் திண்ணையிலோ உட்கார்ந்து 'எல்லாரும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்றால் எல்லாரும் வந்துவிட முடியாது. தயங்கி நிற்பவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும்.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் 15ஆம் தேதி அம்பேத்கர் எழுந்து தேர்தல் ஆணையம் பற்றிய வரைவுப் பிரிவையே மாற்றிக் கொண்டுவந்தார். முந்தைய வரைவில் மாநிலங்களுக்குத் தனித்தனி ஆணையம் இருந்தது. ஒரே ஆணையமாக, மத்தியில், அரசாங்கத்தின் கைக்கு எட்டாததாக வைக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்குக் காரணம், சில மாகாணங்களில் மொழியாலும் இனத்தாலும் பண்பாட்டாலும் வேறுபட்ட மக்களை வாக்காளர் பட்டியலிலேயே சேர்க்காமல் விடும்படி உத்தரவு போகிறது என்று அவருக்குத் தகவல் வந்ததுதான். யாரையும் பட்டியலுக்கு வெளியே விடுவது ஜனநாயகத்தின் அடிவேரையே வெட்டுவது என்பது அவர் நிலை. சிறுபான்மையினர் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக உருவான அமைப்பு இது. மதம், இனம், சாதி, பால் என்ற காரணத்தால் யாரையும் பட்டியலில் சேர்க்காமல் விடக் கூடாது என்று அரசமைப்பின் 325ஆவது பிரிவு சொல்கிறது. 'இதில் சிறுபான்மை எங்கே வந்தது' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

1951-52 முதல் தேர்தலிலேயே நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒரு பாடம் கற்றார். வட இந்தியாவில் பெண்கள் பலர் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்தார்கள். திருத்த முடியாமல் போன ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. விதி சரிதான், பாதிப்பு பெண்களுக்கு மட்டும். அடுத்த தேர்தலுக்குள் ஆணையம் பெண்களைத் தேடிப் போய்ச் சேர்த்தது. 1995இல் லால் பாபு ஹுசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. பம்பாயிலும் டெல்லியிலும் சில குடியிருப்பு மக்களிடம் குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி மொத்தமாக நோட்டீஸ் போனது. அந்த நடைமுறையை நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயர் முறையாகச் சேர்க்கப்பட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீக்குவதானால் காரணம் சொல்லி, நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே நீக்க வேண்டும். இன்றைய திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. படிவம் திரும்பி வராத பெயர் வரைவுப் பட்டியலிலேயே ஏறவில்லை. பெயரை எடுத்துவிட்டு, இருக்கிறேன் என்று வந்து சொல் என்கிறார்கள்.

அதனால்தான் படிவம் 6 என்ற சமாதானம் எனக்குச் சமாதானமாகப் படவில்லை. படிவம் 6 பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு உரியது. ஏழெட்டுத் தேர்தல் பார்த்த மனிதரை முதல் தடவை ஓட்டுப் போட வருகிறவர் போல மனுக் கொடுக்கச் சொல்கிறோம். 2025இல் நூறு நாள் வேலைக்குச் சட்டப்படியான கூலி 336 ரூபாயாக இருந்தது. அதையும் விட்டுவிட்டு, போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் எடுத்து, பஸ் ஏறி அறந்தாங்கி போய் ஒரு நாளில் முடியவில்லை என்றால் மறுநாளும் போக வேண்டும். பெயர் போன சங்கதி முதலில் அவருக்குத் தெரிந்தால்தான் இந்த அலைச்சலே. ஓட்டுப் போடும் நாளில் சாவடியில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறவர்கள் எல்லாத் தேர்தலிலும் உண்டு.

பாட்டனின் காகிதத்தைக் கேட்டு ஓட்டைப் பறித்த கதை புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புதிதில்லை. நம் பாட்டன்மாரின் கதை அது. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள், பெரும்பாலும் தலித்துகள், 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்த அதே 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருக்குத் தகப்பனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த கூலிப் பிள்ளைகளுக்கு யார் பிறப்புப் பதிவு வைத்திருந்தார்கள்? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விண்ணப்பித்தால் குடியுரிமை கிடைக்கும் என்று இன்னொரு சட்டமும் போட்டார்கள். இன்றைய படிவம் 6 சமாதானத்தை அது எனக்கு நினைவூட்டுகிறது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஒன்றரை லட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. அவர்கள் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடி மக்கள் ஓட்டால் அங்கே போக 1977 ஆயிற்று. இன்று அவர்களுக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்று இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் அன்றே எச்சரித்தார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது.

அந்தக் கதையின் மிச்சம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் லேணாவிளக்கிலும், அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையிலும், தோப்புக்கொல்லையிலும் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் வாழும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. இந்த முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் வரை போய் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே குடிமகள் ஆனார். அவருக்கு அடுத்த அறையில் இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. நோட்டீஸ் வந்தால் எந்த ஆவணம், யாருடைய ஆவணம் என்று தீவிரத் திருத்தம் பிரிப்பதும் இதே தேதியை வைத்துத்தான்: அதற்கு முன் பிறந்தவர் தன் காகிதத்தைக் காட்ட வேண்டும், பின் பிறந்தவர் பெற்றோர் காகிதத்தையும் காட்ட வேண்டும். முகாமில் இருப்பவர்களுக்கு மட்டும் இருந்த கேள்வி இப்போது எல்லா வீட்டுக்கும் வருகிறது. பதில் சொல்ல வசதி இல்லாத வீடுகளில்தான் அது தங்கிவிடுகிறது.

இதை 'அவர்கள் பிரச்சினை' என்று ஒதுக்குகிறவர்கள் 2009ஐ நினைத்துப் பார்க்கட்டும். மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு பக்கம் பிரிந்து போயின. நம் ஓட்டுக்கு எடை போயிற்று என்று சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் கொதித்தோம். விதி நாடு முழுக்க ஒன்றுதானே, உங்களுக்கு என்ன பயம் என்று யாராவது அன்று கேட்டிருந்தால் விட்டிருப்போமா? கிராம ஊராட்சிகளிலும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். பட்டியலின மக்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கிய தலைவர் நாற்காலிகளும் அதோடு போயின. அப்போது கிராமத்து மக்கள் கையில் மிஞ்சியது சட்டமன்ற, மக்களவை ஓட்டு ஒன்றுதான்.

செய்ய வேண்டியது பெரிய மர்மம் இல்லை. வீட்டில் இல்லை என்று எடுத்த ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி நோட்டீஸ், தமிழில், போன் வழியாகவும் போக வேண்டும். பீகாரில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, காரணத்தோடு பட்டியலை வெளியிடு என்று 2025 ஆகஸ்ட் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதேபோல ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் பாகம் வாரியாக ஒட்ட வேண்டும். ரேஷன் கார்டை ஏற்க வேண்டும். பழைய பட்டியலில் பெயர் தேடும் வேலை ஆணையத்தின் கணினிக்கு உரியது. முகாம் போடுவதானால் சேரியிலும் பள்ளிவாசல் தெருவிலும் நரிக்குறவர் குடியிருப்பிலும் மீன் இறங்குதளத்திலும், ஜனங்கள் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில் போட வேண்டும்.

அதுவரை, 'உண்மையான வாக்காளருக்கு என்ன பயம்' என்று கேட்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாகத்தில் நீக்கப்பட்டவர்கள் பட்டியலை எடுங்கள். 'இல்லாதவர்' என்று போட்டிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அவர் எங்கே இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். திருப்பூருக்கும் குவைத்துக்கும் போன் போடுங்கள். இருக்கிறார் என்று தெரிந்தவர்களின் மனுவை நீங்களே உட்கார்ந்து நிரப்பி, வாக்குச்சாவடி நிலை அலுவலர் கையில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி அந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள்.